சலவைக்கூடத்து அக்கா சொன்ன சாட்சி

விரிப்பின் இரண்டு முனைகளைத் தாடைக்கடியில் இடுக்கிக்கொண்டு, மற்ற இரண்டையும் கையில் பிடித்து ஓர் உதறு உதறி மடிக்கிறார். வாய் முணுமுணுத்தபடியே இருக்கிறது. பாட்டா ஜெபமா என்று இயந்திர இரைச்சலில் பிரித்தறிய முடியாது. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பதினெட்டு வருடம். எங்கள் எல்லோருக்கும் அக்கா. அவரைவிட நாலு வயது மூத்த மேற்பார்வையாளருக்கும் அக்காதான்.

கறை போகாமல் ஒரு விரிப்பு திரும்பி வந்தால் முகம் சுளிக்க மாட்டார். "அங்க, பரலோகம் போனா எல்லாம் வெள்ளைதான், விடு" என்பார். முட்டி வலி, வீட்டில் ஒழுகும் கூரை, எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "இது வெயிட்டிங் ரூம்தானே. இதுக்குப் போய் யாராவது பெயின்ட் அடிப்பாங்களா?" நாங்கள் சிரிப்போம். நானும் அக்காவும் போகும் சபையில் அவரைத்தான் உதாரணம் காட்டுவார்கள். பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த கணவர் பக்கவாதத்தில் விழுந்து ஆறு வருடமாகிறது. அந்த வீட்டு வாசலை நான் மிதித்ததில்லை. அதான் அக்காவுக்கு விசுவாசம் இருக்கிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு ஞாயிறு ஆராதனையில், ஆண்டவர் செய்த நன்மைகளை எல்லோர் முன்னும் சொல்லும் சாட்சிக்கு அவரைக் கூப்பிட்டார்கள். போதகரிடம் மூன்று முறை மறுத்துப் பார்த்தார், விடவில்லை. கணவரைச் சக்கர நாற்காலியில் முன்வரிசைக்குத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டு மேடை ஏறினார். மைக்கை வாங்கிக்கொண்டார்.

"சொல்லட்டுமான்னு இவர்கிட்ட கேட்டுட்டுத்தான் வந்தேன்" என்று ஆரம்பித்தார். "போன மாசம் ஒருநாள் வேலை முடிஞ்சு வந்து இவருக்கு உடம்பு துடைச்சுவிட்டேன். துடைச்ச கையோட படுக்கை நனைஞ்சுபோச்சு. மறுபடியும் எல்லாத்தையும் மாத்தினேன். இவரு கண்ணை மூடியிருந்தாரு. தூங்கிட்டாருன்னு நெனச்சு சத்தமா ஜெபம் பண்ணேன். ஆண்டவரே, இவர சீக்கிரம் உங்க வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிடுங்க, அங்க நல்லா இருப்பாருன்னு."

முன்வரிசையில் இருந்த கணவரை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "கட்டில்லேர்ந்து 'ஆமென்'னு ஒரு சத்தம். ஒரு வார்த்தை வெளிய வர இவரு என்ன பாடுபடுவாருன்னு எனக்குத் தெரியும். பாடுபட்டுச் சொன்னாருங்க."

வழக்கமாக ஒவ்வொரு சாட்சிக்கும் எழும் அல்லேலூயா எழவில்லை. யாரோ இருமினார்கள்.

"பரலோகத்தையே பாத்துக்கிட்டிருக்கேன்னு உங்ககிட்டல்லாம் பெருமையடிச்சேன். நான் பாத்தது எங்க வீட்டு வாசக் கதவைங்க. இவரு எப்பப் போவாரு, நான் எப்பக் காலை நீட்டிப் படுப்பேன்னு. ஆண்டவரோட அந்த வீட்டை இப்பவும் நம்புறேன். ஆனா அங்க போனா முதல்ல இவருதான் எதிர்ல நடந்து வருவாரு. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிப்பேன்? அதனால இங்கயே இவர்கிட்ட மன்னிப்பு கேட்டேன். தெனமும் கேக்குறேன்."

என்னால் தலை நிமிர முடியவில்லை. நாளெல்லாம் ஊரார் விரிப்புகளைத் துவைத்துவிட்டு வீட்டுக்குப் போய்க் கணவரின் நனைந்த விரிப்பையும் அவரேதான் துவைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது.

இறங்கி வந்தார். கணவரின் வலது கால் நாற்காலியின் மிதிபலகையிலிருந்து நழுவித் தரையில் மடங்கிக் கிடந்தது. மண்டியிட்டு அதை எடுத்து வைத்தார். கடைசிப் பாட்டுக்குச் சபை முழுவதும் எழுந்து நின்றது. அவர் எழவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே அந்தப் பாதத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.