உறைக்குள் மூன்று முகங்கள்

மிஸ் வெர்லீன் ஹாப்ஸ் பழைய இசைத்தட்டைக் கையில் எடுத்தால் முதலில் உறைக்குள் கையை விடுவார். தட்டை வெளியே உருவ மாட்டார். கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கவும் மாட்டார். வலக்கைக் கையுறையைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, வான்கோழி வயிற்றுக்குள் ரொட்டித் துண்டு திணிக்கிற மாதிரி நான்கு விரலையும் சேர்த்து நுழைத்து, அடி மூலைவரை துழாவுவார். பிறகு உறையை இருந்த இடத்திலேயே செருகிவிட்டு அடுத்ததற்குப் போவார். எண்பது வயது. ஆனாலும் விரல்கள் வேகம்.

டெட்ராய்டில், லிவர்னாய்ஸ் சாலையில் ஆர்வில் பிக்கெட் நடத்தும் பழைய தட்டுக் கடைதான் இதற்குக் களம். சனிக்கிழமை காலையில் கதவு திறக்கும்போதே, இஞ்சி சோடா பாட்டிலும் கையுமாக வாசலில் நிற்பார்.

"மோதிரம் ஏதும் தொலைச்சிட்டீங்களா மிஸ் வெர்லீன்?" என்பார் ஆர்வில்.

"உன் மூளையத்தான் தேடறேன் கண்ணு. இங்கயும் இல்ல."

அவர் உண்மையில் தேடுவது ஒரே ஒரு ஆல்பத்தில்தான். மேரிபெல்ஸ் என்ற பாடகிகள் குழுவின் முதல் ஆல்பம். ஆனால் பழைய வீடுகளில் தட்டு ஒரு உறைக்குள்ளும் உறை வேறொரு பெட்டிக்குள்ளுமாக மாறிப்போவது சகஜம் என்பதால், அதை வெளியிட்ட பெல்ஃபோர்ட் கம்பெனியின் எந்த உறையையும் அவர் விட்டுவைப்பதில்லை.

மேரிபெல்ஸ் அட்டையில் ஒரு கடற்கரை. மணலில் ஒரு வெள்ளைக்கார இளைஞன், அவன் தோளில் சாய்ந்தபடி பொன்முடிக்காரி ஒருத்தி, பின்னால் விரித்த குடை. உள்ளே பாடுகிறவர்களோ டெட்ராய்டின் கிழக்குப் பக்கத்து பாப்டிஸ்ட் தேவாலயத்தில் பாடி வளர்ந்த மூன்று கறுப்பினப் பெண்கள்: ரூபி நெல், ஜோனெட்டா, கிளாரிஸ். மூவரில் ஒருத்திகூட அதுவரை கடலைப் பார்த்ததில்லை. கிளாரிஸின் அம்மா அந்த அட்டையைச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினார். மகள் பாடிய முதல் ஆல்பம், மாட்டாமல் என்ன செய்வார்? வந்தவர்கள் இது யாரென்று கேட்டால் குடையைக் காட்டி, "எம் பொண்ணு அதுக்குப் பின்னால நிக்கறா" என்பார்.

பெல்ஃபோர்ட் என்றால் இன்று உலகத்துக்கே தெரியும். கல்யாண விருந்தில் கிழவர்களையும் நாற்காலியை விட்டு எழுப்புகிற பாட்டுகளில் பாதி அந்தக் கம்பெனியுடையவை. அறுபது வருஷத்துக்கு முன்னால் அதைத் தொடங்கியவர் லூசியஸ் பெல்ஃபோர்ட். கார் ஆலையில் இருக்கைக்கு உறை தைத்துக்கொண்டிருந்த மனிதர். வீட்டுக்குப் பின்னாலிருந்த கார் கொட்டகையின் சுவர் முழுக்கப் பழைய கார் மெத்தைகளை அடித்து, அதை ஒலிப்பதிவுக்கூடம் என்றார். பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த ராஸ்கோ டல் சீருடையோடு வந்து பாடிவிட்டு அடுத்த நடைக்கு ஓடுவார். முரசுக்காரருக்குப் பகலில் ஆலையில் கதவு பொருத்தும் வேலை. எந்தச் சங்கீதப் பள்ளியும் அவர்களை உள்ளே விட்டதில்லை. அவர்களும் போய்க் கதவைத் தட்டியதில்லை.

எந்தப் பாட்டை வெளியிடுவது என்று பெல்ஃபோர்ட் தீர்மானித்த விதம் தனி. பக்கத்திலேயே ஒரு அழகு நிலையம். பெண்கள் தலையில் முடி உலர்த்தும் கூண்டைக் கவிழ்த்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கூண்டுக்குள் இரைச்சல், வெளியே இடி விழுந்தாலும் காதில் ஏறாது. பெல்ஃபோர்ட் புதுத் தட்டைக் கொண்டுவந்து அங்கே ஓடவிடுவார். "ஒருத்தியாவது கூண்டைத் தூக்கணும். தூக்கலன்னா அது பாட்டு இல்ல, வெறும் சத்தம்" என்பது அவர் சட்டம். மேரிபெல்ஸ் பாட்டுக்குக் கூண்டைத் தூக்கியவள் வெர்லீன். தலை நிறையச் சுருள் ஊசியோடு கொட்டகைக்கே ஓடி, "யாரு பாடறது, எனக்கு இப்பவே பாக்கணும்" என்று நின்றாள். பெல்ஃபோர்ட் சிரித்து, தட்டுகளை உறையிலிட்டுப் பெட்டியில் அடுக்கும் மேசையில் வேலை போட்டுக் கொடுத்தார்.

அந்த மேசையில்தான் கடற்கரைக் காதலர்கள் முதன்முதலாகக் கட்டுக்கட்டாக வந்து இறங்கினார்கள். யார் இவர்கள் என்று கேட்ட வெர்லீனுக்குப் பெல்ஃபோர்டே பதில் சொன்னார்.

"நம்ம மூஞ்சி போட்டா தெக்கே ஜார்ஜியாவுல இருக்கற வெள்ளக்காரக் கடைக்காரன் பெட்டியப் பிரிக்காமலே திருப்பி அனுப்புவான்மா. மொதல்ல பாட்டு உள்ள போகட்டும். மூஞ்சி பின்னாலயே வரும்."

அவர் சொன்னது பொய்யில்லை. இதைக் கேட்கிறவர்களுக்கு ரத்தம் கொதிக்க வேண்டியதும் அதனால்தான். அந்தக் குரலுக்கு வெள்ளைக்காரர்கள் வீட்டுக் கூடத்தில் மேசை நாற்காலியை ஒதுக்கிவிட்டு ஆடினார்கள். அந்தத் தொண்டைக்கு உரிய முகம் கடை அலமாரியில் தெரிந்தால் மட்டும் மானம் போய்விடும் என்றார்கள். தேனை நக்கிக்கொண்டே தேனீ பிறந்த சாதி எது என்று விசாரிக்கிற புத்தி இது. இதற்கு ஒரு நாடே ஏற்பாடு செய்து, வியாபாரம் என்று பெயரும் வைத்திருந்தது.

பெல்ஃபோர்டை யாரும் திட்ட மிஸ் வெர்லீன் விடமாட்டார். "எங்களுக்கெல்லாம் கதவத் தெறந்துவிட்டவர் அவர்தான். என்ன, பின்வாசக் கதவு" என்பார்.

வெர்லீன் அந்த மேசையில் செய்தது இதுதான். தேவாலயத்து அச்சகத்தில் அவளுடைய ஒன்றுவிட்ட அண்ணன் லெமுவெல் வேலை பார்த்தார். இறுதிச்சடங்கு நிகழ்ச்சிநிரல் அடித்தது போக மிஞ்சிய கெட்டி அட்டை அங்கே குவிந்து கிடக்கும். ஓரமெல்லாம் சாம்பல் கோடு போட்டது. அதில் மேரிபெல்ஸ் மூவரின் படத்தை உள்ளங்கை அளவுக்கு அடித்துத் தந்தார் லெமுவெல். கொட்டகை வாசற்படியில் கட்டம் போட்ட கவுனில் மூவர். கிளாரிஸ் மட்டும் கேமராவை மறந்து வாய்விட்டுச் சிரிக்கிறாள். வெர்லீன் அதை ஏப்ரன் பையில் கொண்டுவந்து, தட்டை நுழைக்கும் அதே அசைவில் உறைக்குள் தள்ளிவிடுவாள். தெற்கே ஜார்ஜியா, மிசிசிப்பிப் பக்கம் போகிற பெட்டிகளில் மட்டும். "டெட்ராய்ட்காரங்கதான் அந்தப் பொண்ணுங்கள மளிகைக் கடையிலயே பாக்கறாங்களே" என்பார்.

ஒருநாள் ஏப்ரனிலிருந்து ஒரு படம் நழுவித் தரையில் விழுந்தது. மேற்பார்வையாளர் டில்லர்ட் குனிந்து எடுத்தார். அன்று மதியமே வெர்லீனுக்கு வேலை போயிற்று. வாசல்வரை கூடவே வந்த டில்லர்ட் சொன்னது இன்றும் மிஸ் வெர்லீனுக்கு அப்படியே நினைவிருக்கிறது: "நீ அனுப்பினதையெல்லாம் கிடங்குலயே நிறுத்திப் பிரிச்சாச்சு. உன் படம் மொத்தமும் கொதிகலன்ல எரிஞ்சுபோச்சு. ஒண்ணுகூடப் போகல."

டில்லர்ட் உண்மையைத்தான் சொன்னாரா, புண்ணில் உப்பைத் தடவிவிட்டுப் போனாரா? கேட்டறிய வழியில்லை. மிஸ் வெர்லீன் பள்ளிக்கூடச் சமையலறையில் சேர்ந்து, மூன்று தலைமுறைக்கு மக்காச்சோள ரொட்டி போட்டு ஓய்வு பெற்றார். பெல்ஃபோர்ட் கம்பெனி லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனது, பெரிய கம்பெனி ஒன்று அதை விழுங்கியது, கொட்டகை இடிந்தது. பெல்ஃபோர்ட் சொன்னபடியே அட்டைகளில் முகங்களும் வந்தன. கிளாரிஸ் அதற்குள் இறந்துபோயிருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு போய்ச் சேந்துச்சுன்னு தெரிஞ்சா போதும்" என்பார் மிஸ் வெர்லீன். அதற்காகத்தான் துழாவல். காலியாக இருந்த ஒவ்வொரு உறையும் டில்லர்ட் பக்கம் சாட்சி சொன்னது. ஒருமுறை பாஸ்டர் தேற்றினார்: "கர்த்தர் எல்லாத்தையும் பாத்தார் சகோதரி." மிஸ் வெர்லீன் மரியாதையாகத் தலையசைத்தார். "அவர் பாத்ததுல சந்தோஷம் பாஸ்டர். ஆனா நான் அனுப்பினது மிசிசிப்பிக்கு."

போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. மிசிசிப்பியின் மெரிடியன் ஊரிலிருந்து வெண்டெல் ஸ்டோக்ஸ் என்பவர் பால் பாட்டில் அடுக்கும் பிளாஸ்டிக் கூடை நிறையத் தட்டுகளைச் சுமந்துகொண்டு கடைக்குள் வந்தார். அறுபதை நெருங்கிய மனிதர். சித்தி இறந்துவிட்டாராம், வீட்டுச் சாமான்களை டிரக்கில் ஏற்றி, டெட்ராய்டில் இருக்கும் தன் மகள் வீட்டுக்குக் கொண்டுபோகிறாராம். ஆர்வில் கூடையை நெருங்குமுன் மிஸ் வெர்லீனின் கை உள்ளே இருந்தது. கடற்கரை, குடை, பொன்முடிக்காரி. துழாவினார். காலி.

"ஏதாச்சும் தேடறீங்களாம்மா?" என்றார் வெண்டெல்.

"ஒரு படம்ப்பா. மூணு பொண்ணுங்க நிப்பாங்க. ஓரத்துல சாம்பக் கோடு."

"அதுவா? அது எப்படிம்மா உறைக்குள்ள இருக்கும்? சித்தி மொகம் பாக்கற கண்ணாடி ஓரத்துலல்ல செருகியிருக்கு?"

ஆர்வில் ஓடிக்கொண்டிருந்த தட்டிலிருந்து ஊசியைத் தூக்கிவிட்டார்.

தாம் ஏதோ தவறாகச் சொல்லிவிட்டோமோ என்று வெண்டெலுக்குத் தயக்கம். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். "சித்தி ஒரு வெள்ளக்காரங்க வீட்டுல துணி தேய்ச்சிட்டிருந்தாங்க. அங்க ரேடியோல அந்தப் பாட்டு. கடைக்குப் போனா அட்டையில இந்த ஜோடி. சரி, நம்ம ஆளுங்க இல்லபோல, ஏமாந்துட்டோம்னு நெனச்சிட்டே வாங்கிட்டு வந்தாங்களாம். வீட்டுல தட்டை உருவினா மூணு பேரும் மடியில வந்து விழுந்தாங்களாம். அன்னிக்குப் பூரா தனியா சிரிச்சிட்டிருந்தாங்கன்னு எங்கம்மா சொல்லும்."

"அவங்களுக்கு மட்டுந்தானா?" மிஸ் வெர்லீனின் குரல் மெதுவாக வந்தது.

"எங்க தெருவுல நாலஞ்சு வீட்டுல உண்டு. முடிவெட்டற கடையில ஒண்ணு. பெரியம்மா பைபிளுக்குள்ள வெச்சிருந்தாங்க. அந்த முகத்தப் போயி யாராச்சும் இருட்டுல விட்டுவெப்பாங்களா?"

மிஸ் வெர்லீன் பக்கத்திலிருந்த பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"நான் பெட்டி அடுக்கறவ" என்றார் ஆர்விலைப் பார்த்து. "வெச்சது வெச்ச எடத்துலயே இருக்கும்னு நெனச்சிட்டேன் பாரு."

"அப்ப இத்தன வருஷம் என் கடைய நோண்டினதுக்கு?"

"தூசி தட்டிக் குடுத்ததா வெச்சிக்கோ."

அவர்தான் அந்தப் படத்தை வைத்தவர் என்று ஆர்வில் சொன்னபோது வெண்டெல் தொப்பியைக் கழற்றினார்.

"சித்தி ஒண்ணு சொல்வாங்கம்மா. 'இத வெச்சவளுக்கு வேலை போயிருக்கும்டா'ன்னு. சாப்பிட உக்காந்தா, ஜெபத்துல கடைசியா 'வேலை போனவளுக்கும்'னு ஒரு வார்த்தை சேத்துக்குவாங்க. அவ யாருன்னு எங்களுக்குத் தெரியாது. நாங்களும் கூடவே ஆமென் சொல்வோம்."

"சித்தி பேரென்ன?"

"இனெஸ்."

"இனெஸ்" என்று மிஸ் வெர்லீன் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "எனக்கு வேற வேலை கெடச்சுதுன்னு அவங்களுக்குச் சொல்லியிருக்கலாம். வீணா கவலப்பட்டிருக்காங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆனா மனசுக்கு நல்லாருக்கு. பேரு தெரியாத ஒருத்திக்காகக் கவலப்பட்டிருக்காங்க. நான் அவங்களுக்கு என்ன செஞ்சேன், ஒரு அட்டத் துண்டு வெச்சேன்."

டிரக் கடைக்கு எதிரே நின்றது. ஒப்பனை மேசையின் கண்ணாடி, ஒட்டுத்துணிப் போர்வை சுற்றிக் கயிறு கட்டி நிறுத்தியிருந்தது. வெண்டெல் கயிற்றை அவிழ்த்துப் போர்வையை விலக்கினார். கண்ணாடியில் முதலில் தெரிந்தது லிவர்னாய்ஸ் வானம், பிறகு மிஸ் வெர்லீனின் முகம். சட்டத்தின் ஓரத்தில், அவர் கன்னத்தோடு கன்னமாக, ரூபி நெல், ஜோனெட்டா, வாய் திறந்து சிரிக்கும் கிளாரிஸ். வெயில் பட்டுப் படம் வெளிறியிருந்தது. சாம்பல் கோடு மட்டும் அழுத்தமாக நின்றது.

"எடுத்துக்கங்கம்மா. உங்களோடது" என்று வெண்டெல் படத்தை உருவப் போனார்.

மிஸ் வெர்லீன் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "எங்க போவுது இந்தக் கண்ணாடி?"

"எம் பேத்தி ரூமுக்கு."

படத்தின் கீழ்மூலை சட்டத்திலிருந்து சற்று நழுவியிருந்தது. மிஸ் வெர்லீன் அதைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளினார். பிறகு போர்வையை நாலா பக்கமும் இழுத்து மூடி, வெண்டெலின் கையிலிருந்த கயிற்றை வாங்கி, தாமே இறுக்கி முடிச்சுப் போட்டார்.