ஏதோ கொஞ்சம் தெரியும்ங்க

ரெண்டாவது உலக யுத்தம் நடந்த சமயம். புதுக்கோட்டையில ஒரு பொம்பளைங்க ஆஸ்பத்திரியில நான் நர்ஸா இருந்தேன். ஆவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம் எங்களுது. அம்மா இல்லை. மூச்சு இழுப்பு நோயோட அப்பா மட்டும் ஊர்ல தனியா கிடந்தார்.

ஹெட் நர்ஸா இருந்தவங்க வேலையை விட்டுப் போனாங்க. அந்த வேலைக்கு ஆஸ்பத்திரி வளாகத்துலயே வீடும் உண்டு. கிடைச்சா அப்பாவைக் கூடவே வச்சுக்கிடலாம். எனக்குத்தான்னு வார்டே பேசிச்சு. கஷ்டப் பிரசவம்னா எல்லாரும் என்னைத்தானே தேடுவாங்க!

சீமையிலேருந்து புதுசா வந்திருந்த டாக்டரம்மா கூப்பிட்டு விட்டாங்க. வர்றதுக்கு முன்னாடியே படிச்சிருந்தாங்க, தமிழ் நல்லாவே பேசுவாங்க. கஷ்டப் பிரசவம் தனியா பாக்கத் தெரியுமான்னு கேட்டாங்க. தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "ஏதோ கொஞ்சம் தெரியும்ங்கம்மா"ன்னேன். மத்த நர்ஸுங்களை அதட்டி வேலை வாங்குவியான்னு கேட்டாங்க. "பெரியவங்க நீங்க இருக்கீங்க, நான் என்னத்தச் செய்யப் போறேன்"னேன். வேற எப்படிச் சொல்றது? பெரியவங்க முன்னாடி எனக்கு எல்லாம் தெரியும்னு நின்னா, எங்க ஊர்ல அதுக்குப் பேரு திமிரு. வளர்த்தவங்களைத்தான் ஏசுவாங்க. மரியாதையாப் பேசிட்டோம்னு சந்தோஷமா வெளிய வந்தேன், மண்டு!

வேலை மெட்ராஸ்காரி ஒருத்திக்குப் போச்சு. அவளைக் குறை சொல்ல மாட்டேன், கெட்டிக்காரி. ஆனா எனக்குச் சோறு இறங்கலை.

அந்த ஐப்பசி அடைமழையில அப்பாவுக்கு இழுப்பு முத்திருச்சு. சேதி வந்து நான் போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் ஓடி ஓடிப் பிரசவம் பாத்த மக, பெத்தவருக்கு ஒரு வாய் வெந்நீர் கொடுக்கப் பக்கத்துல இல்லை.

திரும்பி வந்தப்ப டாக்டரம்மா கையைப் பிடிச்சு ஆறுதல் சொன்னாங்க. அழுகையோட அழுகையா அந்த வீட்டு விஷயம் வாயில வந்துருச்சு. அவங்க திகைச்சுப் போயிட்டாங்க.

"நீதானே கொஞ்சம்தான் தெரியும்னு சொன்னே? பொறுப்புன்னா உனக்குப் பயம்னு நினைச்சேனே!"

அவங்க கண்ணும் கலங்கிருச்சு. தமிழ் தெரிஞ்சவங்கதான், நாங்க பேசுற விதம் தெரியலை. யாரைப் போய்க் கோவிச்சுக்கிறது?

பல வருஷம் கழிச்சு வேற ஆஸ்பத்திரியில ஹெட் நர்ஸும் ஆனேன், வீடும் கொடுத்தாங்க. யாருக்கு வேணும்? அடக்கமா இருந்ததுக்கு நான் இப்பவும் வெக்கப்படலை. ஆனா, அப்பாவுக்காக அந்த வேலை எனக்கு வேணும்னு ஒரு வார்த்தை வாயைத் திறந்து கேக்காம வந்தேனே, அதுதான் இன்னும் நெஞ்சை அறுக்குது.