நாலடி பத்தங்குலம்

வேலூர்க் கோட்டை மைதானத்தின் ஓரத்தில் இரண்டு கழிகளை நட்டு, குறுக்கே ஒரு மெல்லிய இரும்புக் கம்பியை வைத்திருப்பார்கள். தரையிலிருந்து சரியாக நான்கு அடி பத்து அங்குலம். சிறுவர் ஹாக்கிப் பந்தயத்தில் ஆட வருகிற ஒவ்வொருவனும் வெறுங்காலோடு, முதுகை நிமிர்த்திக்கொண்டு அதற்குக் கீழே நடந்து போக வேண்டும். தலை படாமல் போனவன் சிறுவன். பட்டவன் பெரியவன், அவன் வீட்டுக்குப் போகலாம். வயதை யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் எங்களில் பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. 'அக்கா கல்யாணத்துக்கு முந்தின மழையில் பிறந்தேன்' என்று ஒருவன் சொன்னால் அதை எந்தத் துரை எழுதிக்கொள்வான்? அதனால் கம்பி. இன்றைக்கும் எங்காவது தாழ்வான வாசற்படியைக் கண்டால் முதலில் என் கண் அதை அளந்துவிட்டுத்தான் மறுவேலை பார்க்கிறது.

நான் இன்டர்மீடியட் படித்தவன். படித்த பிறகு மூன்று ஊர்களில் மூன்று வேலை பார்த்து மூன்றையும் விட்டவன். எதிலும் நிலைக்காதவன் என்று வீட்டில் எனக்குப் பெயர். ஆனால் ஒன்றில் மட்டும் நிலைத்திருக்கிறேன். அந்த ஒன்றை எனக்குக் கொடுத்தவன் எங்கள் ஆம்பூர் சிறுவர் ஹாக்கி டீமின் கேப்டன். அவனை நாங்கள் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவனுடைய அம்மாவே ஒருமுறை வாசலில் நின்று, "கேப்டன், சாப்பிட வா" என்று கூப்பிட்டதை நான் கேட்டிருக்கிறேன்.

டீம் பிறந்த இடம் ஒரு தோல் ஷாப்பின் களம். பதனிட்ட தோல்களைக் காயப்போடுகிற பெரிய மண் தரை. கேப்டனின் மாமா அங்கே மேஸ்திரியாக இருந்ததால், தோல் காயாத வேளையில் களம் எங்களுக்கு. தோல் காய்கிற வேளையிலும், ஒழிந்த மூலை எங்களுக்கு. ஜோலார்பேட்டை ரயில்வேக்காரர்கள் உடைத்துப் போட்ட மட்டைகளை வாங்கிவந்து, தோல் வாரால் இறுக்கிச் சுற்றி ஆடினோம். பந்து ஒரு தோலின் மேல் உருண்டால் மேஸ்திரி எங்கள் எல்லோருடைய காதையும் வரிசையாகத் திருகுவார். அந்தப் பயத்தால் பந்தை மட்டையோடு ஒட்ட வைத்துக்கொண்டு, விரித்த தோல்களுக்கு நடுவே சந்து சந்தாக வளைந்து ஓடப் பழகினோம். வேலூர்க்காரர்கள் எங்களைப் பார்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு, தோல் ஊறப்போடுகிற நாற்றக் குழியை வைத்து, 'சுண்ணாம்புக் குழி டீம் வந்துடுச்சு' என்பார்கள். ஆட்டம் தொடங்கிய பிறகு மூக்கிலிருந்து கையை எடுத்துவிடுவார்கள். இரண்டு கையும் தேவைப்படும்.

கேப்டனைப் போன்ற முஸ்லிம் பையன்கள், என்னைப் போன்ற இந்துப் பையன்கள், மிஷன் தெருக் கிறிஸ்தவப் பையன்கள் என்று டீமில் எல்லோரும் கலந்துதான் இருந்தோம். அது பெரிய விஷயமாக எங்களுக்குத் தோன்றியதே இல்லை. களத்தில் இரண்டே ஜாதி: கம்பிக்குக் கீழே, கம்பிக்கு மேலே. ஒவ்வொரு வருஷமும் இரண்டு மூன்று நல்ல ஆட்டக்காரர்கள் கம்பிக்கு மேலே போய்விடுவார்கள். ஒருவன் சுண்ணாம்புக் குழியில் வேலைக்கு இறங்குவான், ஒருவன் வேலூர் லாங் பஜார் கடையில் மூட்டை தூக்கப் போவான், ஒருவன் குடியாத்தத்தில் தன் வீட்டுத் தறிக்கே திரும்பிவிடுவான். சில சாயங்காலங்கள் களத்துச் சுவரில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்ப்பார்கள். பிறகு அதுவும் நின்றுபோகும். வளர்ந்தவனுக்கு ஆட்டம் முடிந்தது என்பது மாலையில் இருட்டுவதைப் போல இயல்பான ஒன்றாகவே எங்களுக்கு இருந்தது.

கேப்டன் மட்டும் வளரவில்லை. வருஷத்துக்கு வருஷம் டீம் மாறியது. நடுவில் அவன் அப்படியே இருந்தான். ஆனால் நான் சொல்கிற அந்த வருஷம், மேலுதட்டில் பூனைமயிர் கறுத்தபோது, அவனுக்கும் கொஞ்சம் உயரம் கூடியது. பந்தயம் முடிந்ததும் அவனைச் சென்னைக்கு, பெரியமேட்டுத் தோல் மண்டிக்கு அனுப்புவதென்று மாமா முடிவு செய்திருந்தார். அதுவரை நாங்கள் வேலூர்ப் பந்தயத்தில் ஜெயித்ததே இல்லை. அது அவனுக்குக் கடைசித் தடவை. கிடங்குத் தூணில் நாலடி பத்தங்குலத்துக்கு ஒரு கோடு கீறி, தினமும் அவனை அதன் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தோம். எலும்பு இடிக்கவில்லை. முடி இடித்தது. அவனுக்குக் காடு மாதிரி சுருட்டை முடி.

மூட்டை தூக்கினால் உயரம் குறையும் என்று யாரோ சொல்லக் கேட்டு, தோல் பதனிட வைத்திருந்த கடுக்காய் மூட்டையை அவன் தலையில் ஏற்றிக் களத்தைச் சுற்ற வைத்தோம். கழுத்துப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். பிறகு எங்கள் கோல்கீப்பர் வழி சொன்னான். அவன் மிஷன் தெருக்காரன். எதையும் கோர்ட்டில் வாதாடுகிற மாதிரி பேசுவான்.

"மொட்டை அடிச்சிடு. ஒரு அங்குலம் மிச்சம்."

"அவன் ஒருத்தன் மட்டும் மொட்டையோட போனா, அளக்கிற மாஸ்டருக்கு சந்தேகம் வராதா?" என்றேன் நான்.

"அதான் எல்லாரும் அடிக்கணும்ன்றேன். பதினோரு மொட்டை போனா, அது மொட்டை இல்ல. யூனிபாரம்."

கேப்டன் சிரித்தான். "எனக்கோசரம் நீங்க ஏன்டா பேஜார் படறீங்க? எங்க வீட்ல மொட்டைன்னா ஒண்ணும் கேக்க மாட்டாங்க. உங்க வீட்ல கொன்னுடுவாங்க."

அவன் சொன்னது சரியாகத்தான் இருந்தது. புளியமரத்தடி நாவிதர் எங்கள் வரிசையைப் பார்த்துவிட்டுக் கத்தியை மடக்கி, "யாருப்பா போய்ட்டாங்க?" என்றார். யாரும் போகவில்லை, பேன் ஜாஸ்தி என்று கோல்கீப்பர் சத்தியம் செய்த பிறகுதான் கத்தி திறந்தது. என் அப்பா ஆம்பூர் ஸ்டேஷனில் சரக்கு கிளார்க். மகன் மொட்டைத் தலையோடு தெருவில் வருவதைப் பார்த்த பக்கத்து வீட்டு அம்மாள், அப்பாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று மாரில் அடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் ஓடினாள். உள்ளே அப்பா தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அப்பன் கல்லு மாதிரி உக்காந்திருக்கும்போது மொட்டையா?" என்று அம்மா விசிறிக்காம்பால் விளாசினாள். அப்பா மட்டும் என் தலையை ஒருமுறை தடவிப் பார்த்து, "பரவால்ல, தலை வடிவாத்தான் இருக்கு" என்றார். கோல்கீப்பர் வீட்டிலோ, பிள்ளை யாருக்கும் தெரியாமல் பழனிக்கு வேண்டிக்கொண்டுவிட்டான் என்று அவனுடைய அம்மா பாஸ்டரையே வரவழைத்துவிட்டாள்.

ரயிலில் ஒரு மூதாட்டி எங்களை எண்ணிப் பார்த்துக் கை கூப்பினாள். "திருப்பதியாப்பா?"

"இல்லம்மா, ஆக்கி" என்றான் கேப்டன்.

"அது எந்தப் பக்கம் இருக்குது?"

காட்பாடியில் இறங்கிப் பாலாற்று மணலைக் கடந்து வேலூர் போய்ச் சேரும் வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

மைதானத்தில் கேப்டன்தான் முதலில் கம்பிக்குக் கீழே போனான். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். தலைக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு வெற்றிலை நுழைகிற இடம் இருந்தது. அளக்கிற மாஸ்டர் குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "போ" என்றார். நாங்கள் போட்ட கூச்சலில் கோட்டை அகழிக் கொக்குகள் எழுந்து பறந்தன. அதன் பிறகு மற்றவர்கள் போனது வெறும் சம்பிரதாயம். நானும் சிரித்துக்கொண்டேதான் போனேன். மழித்த தலையில் இரும்பு சில்லென்று பட்டது.

"இன்னொரு தரம் வா" என்றார் மாஸ்டர். மூச்சை வெளியே விட்டு, வயிற்றை எக்கி, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு போனேன். மறுபடியும் பட்டது, கம்பி கழன்று என் தோளில் விழுந்தது. அந்தக் கோடையில் அம்மா என் நிஜாரின் மடிப்பை இரண்டு தடவை பிரித்து விட்டிருந்தாள். அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தினமும் தூணருகே கேப்டனை நிறுத்தி அளந்தவன் நான். என்னை நிறுத்திப் பார்க்க எனக்கும் தோன்றவில்லை, மற்றவர்களுக்கும் தோன்றவில்லை.

"சார், ஒரே ஒரு தடவ" என்று கேப்டன் கெஞ்சினான்.

மாஸ்டர் கெட்டவர் இல்லை. என் தோளில் கை வைத்தார். "வளந்துட்டப்பா. இதுக்குப் போய் யாராவது அழுவாங்களா?"

நான் அழுதேன். எங்களிடம் பன்னிரண்டாவது ஆள் கிடையாது. பத்துப் பேராக இறங்கினார்கள். என்னுடைய இடமான இடது ஓரத்தில் யாரும் இல்லை. நான் அந்தப் பக்கத்துக் கோட்டுக்கு வெளியே புல்லில் உட்கார்ந்திருந்தேன். ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்தில் கேப்டன் இரண்டு பேரை ஏய்த்துவிட்டு, தலை நிமிராமலே பந்தை இடது பக்கம் தள்ளினான். எப்போதும் நான் ஓடி வந்து வாங்குகிற பந்து. அது காலி இடத்தில் நேராக உருண்டு, கோட்டைத் தாண்டி, என் காலடியில் வந்து நின்றது. மைதானமே சிரித்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அப்படியே. எதிர் டீம் பையன் ஒருவன், "யாருக்குடா போட்றான், பேய்க்கா?" என்றான்.

கேப்டன் மூச்சிரைக்க என்னிடம் ஓடி வந்தான். "கை உன்னியே தேடுதுடா. இங்க உக்காராத. அந்தாண்ட போய்டு, கண்ணுல படாத."

நான் எழுந்து எங்கள் கோலுக்குப் பின்னால் போய் நின்றேன். அங்கிருந்துதான் ஆட்டத்தின் ஒரே கோலைப் பார்த்தேன். இடது பக்கத்துக் காலி இடத்தில் புகுந்து வந்த பையன் அடித்த பந்து, கோல்கீப்பரின் காலுக்கும் கம்பத்துக்கும் நடுவே எனக்கு நேராக வந்தது. தோற்றோம்.

திரும்பும்போது பாலாற்று மணலில் மட்டைகளை இழுத்துக்கொண்டு நடந்தார்கள். என்னைத் திட்டுவார்கள் என்று கடைசியில் நடந்தேன். கேப்டன் நின்று, நான் வரும் வரை காத்திருந்து, கூடவே நடந்தான். அவன் கண்கள் சிவந்திருந்தன. அவனுடைய கடைசிப் பந்தயம் என்னால் போயிற்று என்று நான் தொடங்கியதும், போதும் என்று கையைக் காட்டினான்.

"உனக்கு முன்னாடி எத்தினி பேர் போனாங்க, சொல்லு. ஒருத்தனையாவது நாம தேடிப் போனோமா? இன்னிக்கு அந்த எடம் காலியா கெடந்தப்பதான் எனக்கே உறைக்குது. வளர்றது இன்னா தப்பா? வளந்தவன் எங்கடா ஆடுவான்?"

கேட்டுவிட்டு அதோடு விட்டுவிடுவான் என்றுதான் நினைத்தேன். ஆனால் மறுநாளே, போனவர்களைத் தேடிக் கிளம்பிவிட்டான். பெரியமேட்டுக்குப் போகத் துணி தைக்கக் கொடுத்திருந்த அந்த வாரத்தில், தனக்கு இனி இடமே இல்லாத ஒரு டீமுக்காக அவன் ஊர் ஊராக அலைந்தான். சுண்ணாம்புக் குழி விளிம்பில் உட்கார்ந்து ஒருவனிடம் பேசினான். தோலுக்குப் போடுகிற ஆவாரம்பட்டை இடிக்கிற கொட்டகையில் ஒருவனைப் பிடித்தான். என்னையும் கூட்டிக்கொண்டு குடியாத்தம் போய், தறிக்குழிக்குள் கால் வைத்திருந்தவனை அங்கேயே மடக்கினான். எல்லோரிடமும் ஒரே பேச்சுதான்: "வெள்ளிக்கிழம சாயங்காலம், தோல் ஷாப் லீவு. களத்துக்கு வா." ஒருவரும் வருகிறேன் என்று சொல்லவில்லை. "வயசாய்டுச்சு கேப்டன்" என்றான் சுண்ணாம்புக் குழிக்காரன். அவனுக்கு அப்போது பதினேழு இருக்கலாம்.

அந்த வெள்ளிக்கிழமை நானும் கேப்டனும் மட்டும் களத்தில் நின்றோம். வெயில் சாய்ந்தது. கேப்டன் எதையும் கண்டுகொள்ளாதவன் போலப் பந்தைச் சுவரில் தட்டித் தட்டி எடுத்துக்கொண்டிருந்தான். ஆனால் ஒவ்வொரு தட்டுக்கும் கண் ஒருமுறை வாசலுக்குப் போய் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ரயில்.

முதலில் வந்தவன் சுண்ணாம்புக் குழிக்காரன்தான். சுண்ணாம்பு தின்று வெளுத்த கைகளை லுங்கியில் துடைத்துக்கொண்டு கேப்டனைக் குனிந்து பார்த்தான். "இன்னா கேப்டன், நீ இன்னும் அதே சைஸா?"

"உங்களுக்கெல்லாம் ஜாஸ்தியா போய்டுச்சே, அதான் எனக்குக் கம்மி. மட்டைய எடு."

பிறகு பட்டைக் கொட்டகைக்காரன் வந்தான். குடியாத்தத்துக்காரன் விற்க எடுத்துவந்த லுங்கிக் கட்டைச் சுவரோரம் இறக்கிவிட்டு வந்தான். கடைசியில் ஏழு பேர் சேர்ந்தார்கள். கை கால் மரத்துப்போய், பந்து ஒரு பக்கமும் மட்டை ஒரு பக்கமுமாக ஆடினோம். விழுந்தோம், ஒருவரை ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டோம். பந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும் வரை ஒருவனும் நிறுத்தச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷனுக்கு எல்லோரும் போனோம். பெட்டியின் வாசற்படியில் நின்றதால் கேப்டன் அன்று ஒருநாள் எங்கள் எல்லோரையும் விட உயரமாக இருந்தான். இனிமேல் யார் கேப்டன் என்று கோல்கீப்பர் கேட்டான். கேப்டன் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். "எவன் வேணாலும் நடத்துங்க. கேப்டன்னு மட்டும் வேற எவனையும் கூப்பிடாதீங்கடா. கேட்டா எனக்கு வயிறு எரியும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். வண்டி நகர்ந்த பிறகும் சிரித்துக்கொண்டிருந்தானா என்பது எனக்குத் தெரியாது; புகை மறைத்துவிட்டது.

இப்போது எங்கள் ஊரில் சிறியவர்களுக்கு ஒரு டீம், பெரியவர்களுக்கு ஒரு டீம். கம்பியில் இடித்துக்கொண்ட பையன் அழுதுகொண்டு வந்தால், மறுநாள் சாயங்காலமே அவனுக்குப் பெரியவர்கள் டீமில் ஒரு மட்டை காத்திருக்கிறது. எந்த ஊரில் எந்த வேலைக்குப் போனாலும், வெள்ளிக்கிழமைக்குள் நான் ஆம்பூர் வந்து சேர்ந்துவிடுகிறேன். அதனாலேயே இரண்டு வேலை போனது உண்மைதான், வருத்தமில்லை. கேப்டனுக்குப் பெரியமேட்டில் மண்டி வேலை ஒழிவதில்லை. பெரிய டீம் பந்தயம் ஆடி அவன் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. மூன்று வருஷமாக அந்த டீமை நடத்துகிறவன் நான். வெளியூர்க்காரர்கள் வந்து யார் இங்கே கேப்டன் என்று கேட்டால், எங்கள் பையன்கள், "அவரு மெட்ராஸ்ல இருக்காரு" என்கிறார்கள். என்னை, "இன்னாங்க, கொஞ்சம் வாங்க" என்று கூப்பிடுகிறார்கள்.