பேனரில் இடம் கேட்ட மாண்டலின்

சென்ற ஆண்டு ஆடிக் கிருத்திகை முடிந்து, காவடிக் கூட்டம் ஊரைவிட்டு வடிந்த பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மாலை. திருத்தணி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கல்யாண மண்டபம். எதையும் நாள் கிழமையோடு குறித்து வைப்பது என் பழக்கம். இந்த ஒரு மாலைக்கு மட்டும் குறிப்பே தேவைப்படவில்லை.

பழைய சினிமாப் பாட்டு கேட்பவர்கள் சிலர் சேர்ந்து ஊரில் ஒரு ரசிகர் வட்டம் வைத்திருந்தோம். மாதம் ஒரு முறை கூடுவோம். ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, அது எந்தப் படம், யார் எழுதியது, யார் இசையமைத்தது, யார் பாடியது, எந்தக் கூடத்தில் பதிவானது, இசைத்தட்டு எப்போது வந்தது என்று நான் பேசுவேன். பிறகு எல்லாரும் வாயை மூடிக்கொண்டு பாட்டைக் கேட்போம். தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். காகிதம் இல்லாத எதையும் நம்பாமல் இருப்பது தொழிலோடு வந்த குணம். ஆதாரம் இல்லாமல் ஒரு வரி பேசமாட்டேன் என்று எனக்கு ஒரு பெயரும் இருந்தது.

விவகாரம் ஆரம்பித்தது அதற்கு முந்தைய மாதக் கூட்டத்தில். அன்று எடுத்துக்கொண்டது ஒரு கறுப்பு வெள்ளைப் படத்துக் காதல் பாட்டு. பல்லவியை மறந்தவர்களுக்குக்கூட அதன் தொடக்கத்தில் வரும் மாண்டலின் மறக்காது. எங்கள் ஊர் டீக்கடையில் ஒருவர் செல்போன் அந்த மாண்டலினில் அடித்தால், நாலு பேர் தங்கள் சட்டைப்பையைத் தொட்டுப் பார்ப்பார்கள். எல்லா விவரமும் சொல்லிவிட்டு, மாண்டலின் வாசித்தவர் யார் என்று தெரியவில்லை, தட்டிலும் இல்லை, படத்தின் டைட்டிலிலும் இல்லை என்று முடித்தேன். பாட்டு ஓடியது.

கடைசி வரிசைக்குப் பின்னால், சுவருக்கு முன்னால், ஒரு பெரியவர் நின்றிருந்தார். மலையடிவாரத்தில் தேங்காய் மண்டி வைத்திருப்பவர். அவர் விலை பேசினால் தெருமுனை வரை கேட்கும். மாண்டலின் முடிந்து பாடகியின் குரல் ஆரம்பிக்கும் இடத்தில் அவர் குதிகாலைத் தூக்கி, கொஞ்சமும் சத்தமில்லாமல், பின்னால் நகர்ந்தார். முதுகு சுவரில் முட்டியது. சரணத்துக்கு முன்னால் மாண்டலின் திரும்ப வந்தபோது அவரும் முன்னால் வந்தார். குரல் வந்ததும் மறுபடி பின்னால். யாருக்கோ வழிவிடுவதுபோல இருந்தது. எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை.

பாட்டு முடிந்ததும் எங்கள் செயலாளர் எழுந்தார். ஹார்டுவேர் கடைக்காரர். மண்டபம், ஒலிபெருக்கி எல்லாம் அவர் ஏற்பாடுதான். அடுத்த மாதம் இந்தப் பாட்டுக்கே ஒரு விழா, வெளியூரிலிருந்து மெல்லிசைக் குழு, மேடை அகலத்துக்குப் பேனர் என்று அறிவித்தார். போகிற போக்கில், அந்த மாண்டலினை வாசித்தது வேறு யாருமில்லை, இசையமைப்பாளரேதான் என்றும் சொன்னார். பலரும் சொல்லிச் சொல்லிப் பழகிய கதைதான் அது. எங்கும் ஆதாரம் கிடையாது.

பெரியவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண் எழுந்து நின்றார். அவருடைய மகள். மார்க்கெட் தெருவில் தையல் கடை நடத்துகிறவர்.

"அது எங்க நைனா வாசிச்சதுங்க. பேனர்ல அவர் பேரும் வரணும்."

சிரிப்பு எழுந்தது. தேங்காய் மண்டிக்கும் மாண்டலினுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரோ கேட்டார்கள். செயலாளரும் சிரித்துக்கொண்டே, "சரிம்மா, இவர் பேரைப் போட்டா நாளைக்கு இன்னொருத்தன் வருவான், தபேலா எங்க மாமா அடிச்சதுன்னுவான். எல்லாரையும் ஏத்தறதுக்குப் பேனர்ல எடம் ஏது?" என்றார்.

"வரட்டுமேண்ணா. அவர் பேரையும் போடுங்க. எடம் பத்தலன்னா உங்க போட்டோவைக் கொஞ்சம் சின்னதாக்குங்க."

சிரிப்பு இப்போது பக்கம் மாறியது. செயலாளருக்கு முகம் சிவந்துவிட்டது. எங்கள் பேனர்களில் பாடகர்களைவிட அவர் பெரியதாக இருப்பது ஊருக்கே தெரியும்.

மறுநாள் மண்டிக்குப் போனேன். சாக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து, வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். இளம் வயதில் காலை ரயிலில் மெட்ராஸ் போய்க் கோடம்பாக்கத்தில் இறங்கி, ஒலிப்பதிவுக் கூடங்களில் மாண்டலின் வாசித்தவர். வாசிப்பவர்களைத் திரட்டி அழைத்துவரும் ஆள் சொல்லி அனுப்புவார். போய் உட்கார்ந்த பிறகுதான் என்ன பாட்டு என்றே தெரியும். படம் பேர்கூட முக்கால்வாசி நேரம் தெரியாது. எலெக்ட்ரானிக் கீபோர்டு வந்து ஒரே ஆள் பத்துக் கருவிக்கும் பதில் சொல்ல ஆரம்பித்தபோது கூப்பிடுவது நின்றுபோனது. அவரும் தேங்காய்க்கு வந்துவிட்டார். இதையெல்லாம் வருத்தமாகச் சொல்லவில்லை. யாரையோ கோர்ட்டுக்கு இழுப்பவர்போலச் சொன்னார்.

பின்னால் நகர்ந்தீர்களே, அது என்ன என்று கேட்டேன். பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். தான் அப்படிச் செய்வது அவருக்கே தெரியாது போலிருந்தது. அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த மகள்தான் சிரித்துக்கொண்டே, "பஸ்ல இந்தப் பாட்டு வந்தாலும் அப்படித்தாங்க. பின்னால நகுந்து யார் காலையாவது மிதிச்சிடுவாரு. திட்டு வாங்கறது நானு" என்றார்.

பிறகு அவர் விளக்கினார். அந்தக் காலத்தில் மைக் குறைவு. எல்லாரும் ஒரே சமயத்தில் வாசிக்க வேண்டும், பாடகியும் அதே சமயத்தில் பாட வேண்டும். தனியாக ஒரு பிட் வாசிக்கிறவர் பாடகியின் மைக்குக்கே வந்து வாசித்துவிட்டு, குரல் ஆரம்பிக்கும் முன் விலகிவிட வேண்டும். அதற்காகவே செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நிற்பார்கள். நகரும்போது கால் சத்தம் விழுந்தாலோ, தோள் பாடகிமேல் பட்டாலோ எடுத்ததெல்லாம் வீண். எல்லாரும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மாண்டலின் வாசிக்கக் கற்றதைவிட, அங்கிருந்து காணாமல் போகக் கற்றதுதான் கஷ்டம் என்றார்.

நான் நம்பினேன். ஆனால் நம்புவது வேறு, எழுதுவது வேறு. என் சங்கடத்தைச் சொன்னேன். கூட்டி வந்த ஆள் இறந்துவிட்டார், கூடத்தை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள், ஒரு போட்டோகூட இல்லை. எதை வைத்து நான் சொல்வது? பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"பேப்பர்ல பேர் போடாம உட்டதும் நீங்கதான். இப்ப பேப்பர் இன்னா வச்சிகினுகீறன்னு கேக்கறதும் நீங்கதான். நல்ல நியாயம் சார்."

அந்த 'நீங்க'வில் நான் எப்படி வந்தேன் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். கல்வெட்டுத் தொகுதிகளை நான் விரும்பிப் படிப்பவன். கோயிலில் அணையாமல் எரியும் நந்தாவிளக்குக்கு ஆடு கொடுத்தவன் பெயர், ஊர், அப்பன் பெயர் எல்லாம் அவற்றில் இருக்கும். அந்த எழுத்தைக் கல்லில் வெட்டியவன் பெயர் பெரும்பாலும் இருக்காது. அதற்காக வெட்டியவனே இல்லை என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. பாட்டு விஷயத்தில் மட்டும் தட்டில் அச்சடித்தது சத்தியம், அச்சடிக்காதது சந்தேகம் என்று வைத்திருந்தேன். அந்தத் தட்டை அச்சடித்தவர்கள் யார் என்று கேட்டதில்லை.

செயலாளரிடம் பேசிப் பார்த்தேன். அவர் ஒரு வழி சொன்னார். விழாவன்று மேடைக்கு வரட்டும், மெல்லிசைக் குழுவிடம் மாண்டலின் இருக்கும், அந்தப் பிட்டை வாசித்துக் காட்டட்டும், வாசித்தால் பெயர் சொல்லலாம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. மகளிடம் சொன்னேன். அவர் அப்பாவிடம் சொன்னார். அப்பா, வருகிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். அதற்குள் செய்தி பக்கத்து ஊரான கே.ஜி.கண்டிகை வரை போய்விட்டது.

விழாவன்று, பழைய பாட்டு என்றால் எழுந்து போய்விடுகிறவர்கள்கூட வந்து இடம் பிடித்திருந்தார்கள். அவர்கள் வந்தது பாட்டுக்காக அல்ல. மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பேனரில் இசையமைப்பாளர், கவிஞர், பாடகி, அவர்களுக்கு அடியில் எங்கள் செயலாளர், எப்போதும்போல அதே பெரிய அளவில். நான்தான் தொகுப்பாளர். கௌரவிக்க வேண்டியவர்களின் பெயர்களை வாசித்துவிட்டு, ஒரிஜினல் பாட்டை ஒருமுறை போட்டுவிட்டுக் கச்சேரியைத் தொடங்குவதாகத் திட்டம்.

பெரியவர் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் மேடையேறினார். குழுவின் மாண்டலினை வாங்கி மடியில் வைத்து, ஒவ்வொரு தந்தியாகச் சுருதி சேர்த்தார். ஒரு தந்தியில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, துருப் பிடித்திருக்கிறது, மாற்று என்று குழுக்காரரிடம் சொன்னார். பிறகு மாண்டலினை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து மைக்குக்கு வந்தார்.

"இந்தப் பாட்டைப் பாடுன அம்மா இங்க வந்தா, நீதான் பாடுனியா, ஒரு தபா பாடிக் காட்டுன்னு கேப்பீங்களா? எழுதுனவரை எழுதிக் காட்டச் சொல்வீங்களா? எனக்கு மட்டும் இன்னாத்துக்குப் பரீட்சை? நான் வாசிக்க மாட்டேன். வாசிச்சாச்சு. அதைத்தான் இத்தினி வருசமா கேட்டுகினு கீறீங்க."

தெரிந்தால் வாசித்திருப்பார் என்று முன்வரிசையில் ஒருவர் சத்தமாகவே சொன்னார். செயலாளர் என் காதருகில் வந்து, கதை முடிந்தது, நீங்கள் பெயர்களை வாசியுங்கள் என்றார். மகள் மேடைப் படியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கெஞ்சவில்லை. நான் பெரியவர் பெயரை விட்டுவிட்டுப் படித்தால், அந்த மனிதர் ஊர் முன்னால் பொய்யர் என்று இறங்கிப் போக வேண்டும். மறுநாள் அதே ஊரில்தான் அவர் மண்டியையும் மகள் கடையையும் திறக்க வேண்டும்.

என்னிடம் காகிதம் இல்லை. ஆனால் யாரும் பார்க்கிறார்களா என்று தெரியாமல் சுவரோரம் நகர்ந்த அந்தக் கால்களை நான் பார்த்திருந்தேன். என் கையிலிருந்த மைக்கில், இசை இன்னார், பாடல் இன்னார், பாடியவர் இன்னார் என்று வாசித்தேன். நிறுத்தாமல் "மாண்டலின்" என்றேன். அந்த வார்த்தையோடு மைக் செத்துப்போனது. செயலாளர் ஒலிபெருக்கிக்காரருக்குக் கை காட்டியதைப் பார்த்தேன். வெறும் தொண்டையில் பெரியவரின் பெயரைச் சொன்னேன். முன்வரிசையைத் தாண்டியிருக்காது.

பெரியவர் திரும்பி, ஏதோ சரக்கில் குறை கண்டவர்போல, "கடைசி வரிசைக்குக் கேக்கலை சார். இன்னொரு தபா சொல்லுங்க" என்றார்.

ஆபீஸில் குரல் உயர்த்திப் பழக்கமில்லாதவன் நான். அன்று கத்தினேன். அப்பா பெயரின் முதலெழுத்தையும் சேர்த்து, முழுப் பெயரையும். குரல் பிசிறியது. கடைசி வரிசையிலிருந்து, "கேட்டுச்சு, கேட்டுச்சு" என்று மூட்டைக்காரர்கள் பதில் குரல் கொடுத்தார்கள். யாரோ கைதட்ட, அது முன்னால் பரவியது. எல்லாரும் தட்டினார்கள் என்று சொல்லமாட்டேன். சிலர் கையைக் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

இந்தக் குழப்பத்தை அடக்க வேண்டும் என்றுதான் செயலாளர் பாட்டைப் போடச் சொல்லியிருக்க வேண்டும். அந்த மாண்டலின் மண்டபம் முழுவதும் எழுந்தது. பெரியவர் இன்னும் மைக் முன்னால்தான் நின்றார். அவரைக் கீழே அழைத்துப்போக வந்த மகள் அவருக்குப் பின்னால். பிட் முடியப்போகிறது. குரல் வரும் இடம். அவர் குதிகால் தூக்கியதைப் பார்த்தேன். மகள் உள்ளங்கையை அவர் முதுகில் வைத்தார்.

"நில்லு நைனா. எங்கியும் போவாத."

குரல் வந்தது. அவர் போகவில்லை. பாட்டு முடியும்வரை, பல்லவி, சரணம் எல்லாவற்றுக்கும், மைக் முன்னால் மண்டபத்தைப் பார்த்தபடி அங்கேயே நின்றார்.

அடுத்த வாரமே, இனி வேறு ஒருவர் பேசுவார் என்று வட்டத்திலிருந்து எனக்குச் சொல்லிவிட்டார்கள். சரி என்றேன். இப்போது நாங்கள் சிலர் மாதம் ஒரு முறை அந்தத் தையல் கடையில் கூடுகிறோம், மெஷின்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு. பெரியவர் அங்கேயும் யாரும் கேட்டால் வாசிப்பதில்லை. யாரும் கேட்காதபோது சில நாள் வாசிப்பார். அந்தப் பாட்டைப் பற்றிய என் குறிப்பில் அவர் பெயரைச் சேர்த்துவிட்டேன். ஆதாரம் என்ற இடத்தில், 'அவரே சொன்னார்' என்று எழுதியிருக்கிறேன். கேட்பவர்கள் கேட்கட்டும்.

பத்திரிகையின் இந்தப் பகுதிக்கு எழுதும்போது யாருடைய பெயரும் வரக்கூடாது என்பது வழக்கம். அவர் கதையை அவர் பெயர் இல்லாமல் எழுதுவதா என்று கூச்சப்பட்டு, அவரிடமே கேட்டேன். ஒரு தேங்காயைக் காதருகே ஆட்டிப் பார்த்தார். தட்டில் பேர் அச்சடித்தார்களே, அவர்கள் பெயரும் வராதுதானே என்று கேட்டார். வராது என்றேன். "ஆங், அப்ப எழுதுங்க" என்றார்.

அதனால்தான் இங்கே இசையமைப்பாளர் பெயர் இல்லை, பாடகி பெயர் இல்லை, படத்தின் பெயரும் இல்லை. பெயர் விட்டுப்போனவரும் விடாமல் அச்சடிக்கப்பட்டவர்களும் ஒரே வரிசையில் நிற்கிற ஓர் இடத்தை என்னால் இவ்வளவுதான் உண்டாக்க முடிந்தது; ஆனால் அந்த மாண்டலின் எங்கே காதில் விழுந்தாலும், குரல் ஆரம்பிக்கும் இடத்தில் ஒருவர் பின்னால் போகாமல் நிற்பது இன்றும் எனக்குக் கேட்கிறது.