விருந்தாளியாகப் போன பாலம்

பஸ் டிப்போவில் அவருக்கு ஆமை என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. தலை நரைக்கும்வரை ஒரே தடத்தில் ஓட்டியவர், ஒரு கோழிக்குஞ்சைக்கூட இடித்ததில்லை. அவசரக்காரர்கள் அவர் வண்டியில் ஏறிவிட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். பிள்ளைத்தாய்ச்சிகளும் முட்டை வியாபாரியும் அவர் வண்டி வரட்டும் என்று காத்திருப்பார்கள்.

அப்படிப்பட்ட மனிதரை ஒரு மத்தியானம் டிப்போவுக்குள்ளேயே பஸ் இடித்தது. சுவரோரம் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். சக டிரைவர் ஒருவர் கண்ணாடியைப் பார்க்காமல் பின்னால் எடுத்தார். சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் வலது இடுப்பு நொறுங்கியது. உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். கையில் தடி வந்தது, வேலை போனது.

பார்க்க வந்தவர்களிடம் அவரே கதை சொன்னார். "ஆமைக்கு ஓடு இருக்குன்னு நம்பிட்டான் பாவம். இல்லேன்னு இடிச்ச பிறகுதான் தெரிஞ்சுது." வார்டே சிரித்தது. கடைசி ஆள் படியிறங்கிய பிறகு அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டதை மனைவி மட்டும் பார்த்தாள்.

வீடு இரண்டாவது மாடி. இருந்த ஒரே ஜன்னலில் எதிர்க்கட்டடத்தின் தண்ணீர்க் குழாய்கள் தெரியும். மனைவிக்கு ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் வேலை. விடிந்ததும் போனால் இருட்டும்போதுதான் வருவாள், விரல் நுனியெல்லாம் வெந்து சுருங்கியிருக்கும். பகல் முழுக்க அவருக்குப் பேச்சுத்துணை இல்லை. சோறு இல்லாமல்கூட ஒரு வேளை இருந்துவிடுவார், பேச ஆள் இல்லாமல் இருக்க முடியாது. மின்சார மீட்டர் பார்க்க வந்தவரை உட்கார வைத்து அவர் பேசிய பேச்சில், அடுத்த முறை அந்த ஆள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் வந்து எண்ணைக் குறித்துக்கொண்டு போய்விட்டார்.

முன்பெல்லாம் லீவு நாளில் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கடற்கரைப் பாறைகளுக்குப் போவார். பெரிதாக மீன் பிடித்துவிடுவார் என்று சொல்ல முடியாது. பக்கத்துப் பாறையில் இருப்பவரோடு பேசிக்கொண்டே இருப்பதில் இரையை மீன் தின்றுவிட்டுப் போயிருக்கும். இப்போது அந்தப் பாறைகளில் கால் வைக்க வழியில்லை. ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்குத் தாவ இடுப்பு வேண்டுமே.

அந்தச் சமயத்தில்தான் தங்கை புருஷன் வந்தார். இன்ஷூரன்ஸ் ஆபீசில் மேலாளர். தூண்டில் கிளப்பில் கமிட்டி உறுப்பினர். கிளப்புக்குச் சொந்தமாகக் கடலுக்குள் நீளும் பாலம் ஒன்று இருந்தது. இரும்புக் கதவு, காவலாள், உறுப்பினர் அட்டை இல்லாமல் உள்ளே ஈ காக்காய் நுழையாது.

"மச்சான், ஞாயித்துக்கிழமை என்கூட வாங்க. விருந்தாளியாக் கூட்டிட்டுப் போறேன். தரை சமமா இருக்கும். பிடிச்சுக்கக் கம்பி இருக்கு, உட்கார பெஞ்சு இருக்கு."

"எனக்காகவே கட்டியிருக்கான் போல, மாப்பிள்ளை," என்றார் இவர்.

முதல் நாள் பலகைகளின்மேல் தடி டொக்கு டொக்கென்று விழ, பாலத்தின் கடைசிவரை நடந்தார். காலடியில் தண்ணீர் பச்சையாக ஏறி இறங்கியது. கம்பியில் தூண்டிலைச் சாய்த்துவிட்டுக் கண்ணை மூடி உப்புக் காற்றை இழுத்தார். கொஞ்ச நேரம் அவரால் பேசவே முடியவில்லை.

அந்தக் கொஞ்ச நேரம்தான். அப்புறம் வாயைத் திறந்தவர் மூடவில்லை. கிளப்காரர்கள் அதிகம் பேசாத கூட்டம். ஆளுக்கொரு கம்பியோரம் நின்று கடலைப் பார்ப்பார்கள், கிளம்பும்போது தலையசைப்பார்கள். இவர் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பாலத்தின் கடைசியில் ஒரு சின்னக் கூட்டம் கூட ஆரம்பித்தது. பஸ்ஸில் தூங்கிப்போய் டிப்போவிலேயே விடிந்து எழுந்த புது மாப்பிள்ளை கதை, டிக்கெட் எடுக்க மாட்டேனென்று கிளியோடு ஏறியவர் கதை என்று இவர் அவிழ்த்துவிட, கிளப் செயலாளரே தன் பெஞ்சை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தார். அவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். சிரித்துச் சிரித்து ஒருநாள் கண்ணாடியைக் கடலில் விட்டார்.

கதைகளில் தங்கை மாப்பிள்ளையும் வருவார். அது இயல்புதானே, பக்கத்திலேயே நிற்கிறார். "எங்க மாப்பிள்ளை வீசுற தூரத்தைப் பாருங்க. எங்க டிப்போவுல டயருக்குக் காத்தடிச்ச கை அது. அந்தக் கையைப் பார்த்துத்தான் என் தங்கச்சியையே கொடுத்தேன்." எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். இன்னொரு நாள், கல்யாணத்துக்கு இரவல் வாங்கிய ஷூ நடுவழியில் வாய் பிளந்ததையும், மாப்பிள்ளை ஒரு காலைத் தேய்த்துத் தேய்த்தே பெண்ணிடம் போய்ச் சேர்ந்ததையும் நடந்தே காட்டினார். அதற்குத் தன் நொண்டிக் கால் தோதாக இருந்ததில் அவருக்கே பெருமை.

"நீங்களே உறுப்பினரா ஆயிடலாமே," என்றார் செயலாளர். "நான் முன்மொழியறேன். ஞாயித்துக்கிழமைக்கு ஏன் காத்திருக்கணும்? தினமும் வரலாம்."

தினமும். அந்த ஒரு சொல் அவருக்குள் இனித்துக்கொண்டே வீடுவரை வந்தது.

மாப்பிள்ளைதான் இழுத்தடித்தார். "எதுக்கு மச்சான் அவசரம்? நான்தான் கூட்டிட்டு வர்றேனே."

"உங்களுக்கு எத்தனை நாள் பாரமா இருக்கிறது, மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை தூண்டில் பையை இறுக்கிக் கட்டினார். பெருந்தன்மையான மனுஷன், தன்னைப் பாரமாக நினைக்கவில்லை என்று இவர் எடுத்துக்கொண்டார். வீட்டில் மனைவி அவருக்காகப் பழைய போர்வையை வெட்டி, பெஞ்சில் போட்டுக்கொள்ள ஒரு திண்டு தைத்தாள். எந்த பஸ்ஸில் போய் எந்த பஸ்ஸில் திரும்புவது, எந்த டிரைவர் அவருக்காக வண்டியை ஓரமாக நிறுத்துவான் என்பதுவரை இருவரும் பேசி முடித்திருந்தார்கள்.

கமிட்டி கூடியது. மறுநாள் செயலாளர் போன் செய்தார். பல் பிடுங்குவதற்கு முன் சொல்வதைப்போல மெதுவாகப் பேசினார். "மன்னிச்சுக்கோங்க. ஒருத்தர் எதிர்ப்புத் தெரிவிச்சாலே போதும், அதுதான் எங்க விதி. காரணம் கேட்கிற வழக்கமில்லை."

"பரவாயில்லைங்க ஐயா. நான் பழையபடி ஞாயித்துக்கிழமை விருந்தாளியாவே வந்துட்டுப் போறேன்."

செயலாளர் இன்னும் மெதுவாகச் சொன்னார்: "அதுவும் முடியாதுங்க. மனு நிராகரிக்கப்பட்டவங்க விருந்தாளியா வரக்கூடாது. பழைய விதி. நான் இதை முன்னாடியே யோசிச்சிருக்கணும்."

போனை வைத்துவிட்டு, கமிட்டியில் யாராக இருக்கும் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார். மருந்துக்கடைக்காரர் இல்லை, அவர்தான் வழிமொழிந்தவர். பாலத்தில் அவரிடம் முகம் கொடுத்துப் பேசாத அந்த உயரமான மனுஷனாக இருக்கலாம். மாப்பிள்ளைக்குத் தெரிந்திருக்கும், கேட்டால் சொல்வார். ஆனால் அந்த ஞாயிறும் மாப்பிள்ளை வரவில்லை, அடுத்த ஞாயிறும் வரவில்லை. தங்கை போனில், "அவருக்கு வேலை ஜாஸ்திண்ணா," என்றாள்.

கடைசியில் இவரே தடியை ஊன்றி, பஸ் பிடித்து, மாப்பிள்ளையின் ஆபீசுக்குப் போனார். மாப்பிள்ளை அவரை உள்ளே அழைக்கவில்லை. வெளியே டீக்கடை பெஞ்சுக்குக் கூட்டிப் போனார். டீ வந்தது, ஆறியது.

"யாருன்னு மட்டும் சொல்லுங்க, மாப்பிள்ளை. சண்டைக்கா போகப்போறேன்? என் மேல என்ன கோபம்னு தெரிஞ்சா நேர்ல போய் மன்னிப்புக் கேட்டுடுவேன்."

மாப்பிள்ளை கிளாஸைப் பெஞ்சில் வைத்தார். "நான்தான்."

இவருக்குச் சட்டென்று விளங்கவில்லை. வேறு எதற்கோ பதில் வந்ததுபோல முகத்தையே பார்த்தார்.

"நான்தான் மச்சான் வேண்டாம்னேன். அந்தப் பாலத்துல என்னை யாருக்கும் தெரியாது. அதாவது, பழசு தெரியாது. ஆபீஸ்ல தெரியும், சொந்தக்காரங்களுக்கெல்லாம் தெரியும். அங்க மட்டும்தான் நான் வெறும் மேலாளர். நீங்க வந்து காத்தடிச்ச கதையைச் சொன்னீங்க. இப்ப என்னைப் பார்த்தாலே என் காலைப் பார்க்கிறாங்க, ஷூ எப்படி இருக்குன்னு."

"நான் பெருமையாத்தான் சொன்னேன்."

"தெரியும். அதனாலதான் உங்ககிட்ட சொல்ல முடியல."

"சொல்லியிருந்தா வாயை மூடிட்டு இருந்திருப்பேனே."

"உங்களால முடியாது மச்சான்," என்றார் மாப்பிள்ளை. அதில் கோபம் இல்லை. அதனாலேயே அது எலும்புவரை இறங்கியது.

இவர் வெகுநேரம் தடியின் நுனியால் தரையைக் கிளறிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "நிராகரிச்சா விருந்தாளியாக்கூட வர முடியாதாமே. அந்த விதி உங்களுக்குத் தெரியுமா?"

மாப்பிள்ளை ரோட்டைப் பார்த்தார். "தெரியும்."

டீக்கு யார் காசு கொடுத்தது, எந்த பஸ்ஸில் ஏறி வந்தார் என்பதெல்லாம் பிறகு அவருக்கு நினைவில்லை. மனைவி வந்தபோது விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னார். மாப்பிள்ளைமேல் ஒரு குறையும் சொல்லாமல் சொன்னார்.

அவளுக்கு எதையாவது சொல்லி அவரைச் சிரிக்க வைக்க வேண்டும்போல இருந்தது. "நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க. உங்களுக்கு ஆமைன்னு தப்பாப் பேர் வெச்சுட்டாங்க, தவளைன்னு வெச்சிருக்கணும்."

எப்போதும் அவர் இதற்கு மேல் ஒன்று சொல்லி அவளை மடக்கியிருப்பார். அன்று தலையை மட்டும் ஆட்டினார், ஆமாம் என்று. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். சொன்ன சொல்லைத் திரும்ப அள்ள முடியுமா?

தங்கை ஓடிவந்து அழுதாள். அவளுக்கு எதுவும் தெரியாது என்றாள், அது உண்மைதான். "நான் அவர்கிட்டப் பேசறேண்ணா. இதை இப்படியே விட மாட்டேன்."

"ஒண்ணும் பேசாதே. நீ அவர்கூட வாழணும். போ, பிள்ளைங்க ஸ்கூல்லேருந்து வந்துடுவாங்க."

அவள் போனாள். அண்ணன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவளுக்குப் பாரம் குறைந்திருக்கும்.

மழைக்காலத்துக்கு முன் மனைவி ஒரு லீவு நாளில் அவரைப் பொதுக் கடற்கரைக்குக் கூட்டிப் போனாள். மடக்கு நாற்காலியைப் பாறைகளுக்கு மேலே, நடைபாதை ஓரத்தில் விரித்து உட்கார வைத்தாள். "இங்கேருந்தே போடுங்க. எட்டும்." உட்கார்ந்த வாக்கில் வீசுவதற்கு இடுப்பு திரும்ப வேண்டும், அது திரும்பவில்லை. ஈயக்குண்டு தண்ணீர்வரை போகாமல் கற்களுக்கு நடுவே விழுந்தது. இழுத்தார், தூண்டில் முள் கல்லில் மாட்டிக்கொண்டது. அவள் புடவையைச் செருகிக்கொண்டு கீழே இறங்கப் பார்த்தாள். முதல் கல்லிலேயே பாசி வழுக்கி உட்கார்ந்துவிட்டாள்.

"வேண்டாம், வந்துடு," என்றார்.

இரண்டாவது முறையும் அதுவே நடந்தது. அடுத்த பாறைக்கூட்டத்தில் இரண்டு பேர் சத்தமாக எதையோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தூண்டில் நரம்பைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "வீட்டுக்குப் போலாம்," என்றார்.

அதற்குப் பிறகு அவர் பேச்சு குறைந்தது. ஒரே நாளில் நின்றுவிடவில்லை, குழாயில் தண்ணீர் குறைவதுபோலக் குறைந்தது. டிப்போ நண்பர்கள் வந்தால் கேட்டுக்கொண்டிருப்பார். யாரையாவது பற்றிச் சொல்ல வாயெடுப்பார்; அந்த ஆளுக்கு அது வலிக்குமோ என்று யோசித்து நிறுத்திக்கொள்வார். இத்தனை வருஷமாகச் சொன்ன கதைகளில் இருந்தவர்களெல்லாம் உள்ளுக்குள் எப்படி இருந்திருப்பார்கள் என்று அவர் கணக்குப் பார்ப்பது மனைவிக்குத் தெரிந்தது. அந்தக் கிளிக்காரர். தூங்கிப்போன புது மாப்பிள்ளை. நண்பர்களும் மெல்ல வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். ஆமையின் பேச்சைக் கேட்கத்தானே வந்தார்கள்.

ஒருநாள் மாலை தங்கை ஒரு பையில் மீன் கொண்டுவந்தாள். அவள் புருஷன் பிடித்தது. கொடுத்தனுப்பியதும் அவர்தான், அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்தது. மனைவி பையை வாங்கிப் பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் வைத்தாள். வெளியே எறியப்போகிறாள் என்றே தங்கை நினைத்தாள்.

"வறுத்துடு," என்றார் அவர்.

மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவர் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டோரத்தில் வைத்து, மிச்சமில்லாமல் சாப்பிட்டார். தங்கை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மீனைப் பற்றியோ பிடித்தவரைப் பற்றியோ ஏதாவது சொல்லுவார், திட்டியாவது வைப்பார் என்று காத்திருந்தாள். கை கழுவிவிட்டு வந்து அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

"மழை வர்ற மாதிரி இருக்கு," என்றார். "நேரத்தோட கிளம்பும்மா."