கிளாஸ் முழுக்கப் போன மெயில்

காலடிப்பேட்டை பிரவுசிங் சென்டரில் நான் கவுன்ட்டர் பார்த்த காலம். நேரம் முடிந்ததும் கவுன்ட்டரிலிருந்தே சிஸ்டத்தைப் பூட்டுவோம். திரை கறுத்தால் எல்லாம் மூடிவிட்டது என்று நினைத்து மாணவர்கள் எழுந்து போய்விடுவார்கள். அடுத்தவருக்குத் திறந்தால் முன்னவரின் மெயில் அப்படியே நிற்கும். அதில் புகுந்து அவர் பேரில் எதையாவது எழுதி அனுப்புவது காலேஜ் பிள்ளைகளுக்கு விளையாட்டு.

ஒரு நாள் காலை, கன்டெய்னர் லாரி ஓட்டும் ஒருவர் மகள் ரேவதியோடு வந்து நின்றார்.

"யம்மா, இன்னா கடை நடத்திகினு கீறே? எவனோ இங்க குந்திகினு, எம்பொண்ணு பேர்ல கிளாஸ் பூரா லவ் லெட்டர் அனுப்பிகீறான். இனிமே காலேஜே வாணாம்னுட்டேன்."

ரேவதி தலை நிமிரவில்லை. முந்தாநாள் அவள் எழுந்த சிஸ்டத்தில் அடுத்து யார் உட்கார்ந்தது என்று எனக்குத் தெரியும். ஷட்டரைத் தூக்கிக் கொடுக்க வந்திருந்த என் மகன் பிரபு சுவரோரம் நின்றான். அவளுடைய கிளாஸ்தான்.

"நீயாடா?"

"ஜாலிக்குதாம்மா. எல்லாரும் பண்றதுதான்."

அவர் கை ஓங்குவார் என்று நினைத்தேன். என்னைத்தான் பார்த்தார்.

"உம்புள்ளயா? அப்ப நீயே சொல்லு, இன்னா பண்ணலாம்?"

பிரபுவை அதே சிஸ்டத்தில் உட்காரச் சொன்னேன்.

"உன் மெயில்லேந்து, உன் பேர் போட்டு, கிளாஸ் முழுக்க எழுது. நான்தான் பண்ணேன்னு."

"அவகிட்ட மட்டும் ஸாரி சொல்லிடறேம்மா. எல்லாருக்கும் போட்டா நான் எப்டி காலேஜ் போறது?"

"அவ எப்டிடா போவா?"

இங்கிலீஷில் எழுதினான். லாரிக்காரர் மகளைத் தமிழில் படித்துச் சொல்லச் சொன்னார். அவள் படித்து முடித்ததும் பிரபு அனுப்பினான்.

"போம்மா, காலேஜ் பஸ்சு பூடப்போவுது" என்றார் மகளிடம்.

அவள் ஓடினாள். படிப்பையும் முடித்தாள். பிரபு அதற்குப் பிறகு சென்டர் பக்கம் வரவில்லை. வீட்டில் நாங்கள் இருவர்தான். அவன் தட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்ச் சாப்பிடுவான்.

பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான்: எழுந்திருக்கும் முன் சைன் அவுட் செய்யுங்கள். அடுத்தவர் மெயில் திறந்திருந்தால் மூடிவிடுங்கள். கேலி எத்தனை பேருக்குப் போனதோ அத்தனை பேருக்கும் மன்னிப்பும் போக வேண்டும்.

மகன் இப்போது வெளியூரில் வேலை பார்க்கிறான். எப்போதாவது 'நலம்' என்று ஒரு வரி மெயில் வரும். மேலே 'அம்மா' என்று இருக்காது. எந்தக் கடையிலாவது ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்டால், அவன்தானோ என்று இன்றும் திரும்பிப் பார்க்கிறேன். ஆனாலும் அவனை அந்த நாற்காலியில் உட்காரவைத்தது தப்பென்று ஒருநாளும் தோன்றியதில்லை.