கதவு திறக்காத குருவி

“நேரா நில்லு, கஸ்மாலம்” என்று வெற்றிச்செல்வி காக்கையின் கழுத்தைத் திருகிக்கொண்டிருந்தாள். சாண் உயரப் பொம்மை. கட்டுக்கம்பியில் எலும்பு, கிழிந்த குடைத்துணியில் சிறகு. ஒரு நெல்லளவு திருப்பி, கையை விலக்கி, ஒரு படம் எடுப்பாள். மறுபடி ஒரு வசவு, மறுபடி ஒரு நெல்லளவு, மறுபடி ஒரு படம். அத்தனையையும் சேர்த்து ஓடவிட்டால் காக்கை தானாகத் தலை திருப்பும். காலையெல்லாம் திட்டினால் ஒரு படி ஏறும்.

திருவொற்றியூரில், நெடுஞ்சாலையை ஒட்டிய மாடி அறை அது. கண்டெய்னர் லாரி போனால் மேசை அதிரும், அதுவரை எடுத்த காட்சி வீணாகும். லாரிக்கும் வசவு உண்டு.

பிழைப்புக்கு, குழந்தைகளுக்கான யூடியூப் சேனல் ஒன்றில் களிமண் யானையைக் குளிப்பாட்டி ஆடவிடுகிறாள். “கண்ணு பெர்சா இருக்கணுமாம், எந்நேரமும் சிரிச்சிகினே இருக்கணுமாம். எந்தக் கொயந்த அப்டி கீது, சொல்லு!” முப்பத்திரண்டு வயது. சாதாரணமாகப் பேசினாலே சண்டை என்று பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அவள் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. குடிவந்த அன்றே கழற்றி வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டாள். “திருடன் வந்தா வரட்டும். யாரும் தட்டிகினு நிக்கக் கூடாது.”

காக்கை அவளுடைய சொந்தப் படத்துக்கானது. கதை எல்லோரும் சின்ன வயதில் கேட்டதுதான். மழையில் காக்கையின் மண்வீடு கரைகிறது. அது போய்க் குருவி வீட்டைத் தட்டுகிறது. பிள்ளையைக் குளிப்பாட்டுகிறேன், பொட்டு வைக்கிறேன் என்று குருவி சாக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் இதைச் சொன்னபோது வகுப்பே சிரித்ததாம். “மழைல நனைஞ்சிகினு கதவத் தட்றவளப் பாத்து இன்னா சிரிப்பு?”

‘தட்றத’ என்று இல்லை, ‘தட்றவளை’ என்றுதான் சொன்னாள். அது யார் என்று அப்புறம்தான் நான் கேட்டேன்.

ராயபுரத்து ஹவுசிங் போர்டு குடியிருப்பில் வளர்ந்தவள். அப்பா வெள்ளத்துரை துறைமுகத்து லாரி டிரைவர். குடித்தால் பெல்ட்டைக் கழற்றுவார். அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஒரு மழை நாள் சாயங்காலம், அம்மாவை அவர் சுவரில் மோதுவதைப் பார்த்து வராந்தாவுக்கு ஓடி, ஒவ்வொரு கதவாகத் தட்டியிருக்கிறாள். எதிர்வீடு எபினேசருடையது. அவர் வீட்டுக்குள் டிவியின் சத்தம் கூடியது. கதவு திறக்கவில்லை. அன்று அடிபட்ட இடது காது, அம்மா சாகும்வரை கேட்கவில்லை.

போன வருடம் வெள்ளத்துரையும் இறந்தார். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் இப்போது எபினேசர்தான். முதலாம் ஆண்டு நினைவுநாளுக்கு அவரே போன் செய்தார். “அப்பா நெனவா நீ எடுத்த படம் ஒண்ணு போடு பாப்பா. நம்ம பசங்களும் பாக்கட்டும்.” வெற்றிச்செல்வி உடனே ஒத்துக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க லாரிகளைக்கூட அவள் திட்டவில்லை.

நானும் போயிருந்தேன். சங்கக் கூடத்தின் வாசலில், ‘எங்கள் குடியிருப்பின் காவல் தெய்வம்’ என்ற வரிக்குக் கீழே வெள்ளத்துரை பேனரில் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

படத்தில் மண்வீடு கரைந்தபோது பாயில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். குருவி சாக்குச் சொன்னபோது இன்னும் சிரித்தார்கள். அப்புறம் கேமரா குருவி வீட்டுக்குள் போனது. அங்கே பிள்ளையே இல்லை. வெறும் தூளியைக் காலால் ஆட்டிக்கொண்டு, குருவி டிவி பார்த்துக்கொண்டிருந்தது. தட்டும் சத்தம் கூடக் கூட அது டிவியின் சத்தத்தைக் கூட்டியது. மழை விட்டதும் கதவைத் திறந்தது. வாசலில் ஈரமான குடைத்துணி மட்டும் கிடந்தது.

முன்வரிசையில் ஒரு சிறுமி அழத் தொடங்கினாள். எபினேசர் அவசரமாக விளக்கைப் போட்டார்.

“இன்னா பாப்பா இது? கொயந்தைங்க கீற எடத்துல...”

“நான் கொயந்தையா இருந்தப்போ டிவி சத்தத்த கூட்னீங்களே அங்கிள், அதான் இது.”

எபினேசரின் குரல் இறங்கியது. “உங்கப்பன் குட்ச்சிட்டா கத்திய எடுப்பான்மா. என் வூட்லயும் ரெண்டு பொட்டப் பசங்க. நான் இன்னா பண்ணியிருக்க முடியும், சொல்லு?”

அவள் தலையாட்டினாள். அவள் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை.

“பயந்தீங்க. சரி. யாரா இருந்தாலும் பயப்படுவாங்க. அதுக்கு நான் கோச்சுக்கல.” வாசல் பக்கம் கையை நீட்டினாள். “அவந்தான் செத்துட்டானே. இந்த பேனர எந்தக் கத்திய காட்டி வெக்கச் சொன்னான்?”

பின்வரிசையில் ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே போனாள். நிகழ்ச்சியை எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்று யாரோ நினைத்திருக்க வேண்டும். வெற்றிச்செல்விக்குப் போர்த்த வாங்கிவைத்திருந்த பொன்னாடையை எபினேசரின் கையில் திணித்தார்கள். அவர் அதை ஏந்திக்கொண்டு தயங்கித் தயங்கி அவளிடம் வந்தார்.

வெற்றிச்செல்வி அதை வாங்கினாள். பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, உதறி, மடிப்பு கலையாமல் எபினேசரின் தோளில் போர்த்தினாள். இரண்டு முனைகளையும் அவர் மார்பில் சமமாக இழுத்துவிட்டாள். பிறகு அவர் பக்கத்தில் நின்று, பேனரில் இருந்ததுபோலவே கைகூப்பி, செல்போனோடு நின்ற பையனைப் பார்த்து, எடு என்பதுபோல் தலையசைத்தாள்.